உயிரணுவுக்குள் ஒரு மதகு



கலப்பின நெல்லுக்கு விதை எடுக்கும் வயலைப் பூக்கும் பருவத்தில் பார்த்தவர்கள் ஒரு விந்தையான காட்சியைக் கண்டிருப்பார்கள். காலை வெயில் ஏறி, பனி உலர்ந்த பிறகு, இரண்டு ஆட்கள் எதிரெதிர் வரப்புகளில் நின்று, நீண்ட கயிறு ஒன்றைக் கதிர்களின் தலையில் உரசும்படி இழுத்துக்கொண்டே நடப்பார்கள். கயிறு படும் இடத்தில் மகரந்தம் மெல்லிய புகைபோல் எழுந்து காற்றில் பரவும். அரை மணி கழித்து மறுபடியும் இழுப்பார்கள். நெல்லோ தன் மகரந்தத்தாலேயே தான் சூல்கொள்ளும் பயிர். ஒவ்வொரு பூவிலும் ஆறு மகரந்தப் பைகள் இருக்கின்றன. பூ விரியும் சிறிது நேரத்திற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. இதற்குக் கயிறு எதற்கு, ஆள் எதற்கு?

அந்த வயலின் வரிசைகளை எண்ணிப் பார்த்தால் விடையின் முதற்பகுதி கிடைக்கும். இரண்டு வரிசை ஒரு வகை நெல். அடுத்த எட்டு வரிசை வேறொரு வகை. மீண்டும் இரண்டு, மீண்டும் எட்டு. இரண்டு வரிசையில் நிற்பது தந்தைப் பயிர். எட்டு வரிசையில் நிற்பது தாய்ப் பயிர். தாய்ப் பயிரின் பூக்கள் பார்வைக்குக் குறையற்றவை. சூலகம் செழிப்பாக இருக்கிறது. ஆனால் அதன் மகரந்தத் தூள் மட்டும் உயிரற்றது. ஆகவேதான் பக்கத்து வரிசையிலிருந்து மகரந்தத்தைக் கயிற்றால் தட்டி எழுப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

அம்மகரந்தம் ஏன் இறந்தது? வறட்சியோ, பூச்சியோ, உரக் குறைவோ காரணமன்று. ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே கனமுள்ள ஒரு சவ்வு இருக்கிறது. அச்சவ்வினுள் கொழுப்புப் பொருளுக்கும் புரதத்துக்கும் இடையே உள்ள பிடிப்பு தளர்ந்ததே அம்மரணத்தின் வழியாக இருக்கலாம். அந்தச் சவ்வைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

உயிரணுக்களுள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் உண்டு என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். உயிரணுவின் ஆற்றல் நிலையம் என்று ஒரு வரியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். கரும்பலகையில் அதனை வரையும்போது வெளிப்புறம் ஒரு முட்டை வடிவக் கோடும், உட்புறம் மடிப்பு மடிப்பாக மற்றொரு கோடும் வரைவது ஆசிரியர் வழக்கம். நானும் ஆண்டுதோறும் அப்படி வரைந்தவனே. அந்த உட்கோடுதான் நமக்குப் பொருள். அது உட்சவ்வு.

சவ்வு எதனால் ஆனது? முதலாவதாக லிப்பிடுகள் எனப்படும் கொழுப்புப் பொருள்களால் ஆனது. இவற்றுள் பாஸ்போலிப்பிடு என்ற இனத்தின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் ஒரு தலையும், நீரை வெறுக்கும் இரண்டு எண்ணெய் வால்களும் உண்டு. இத்தகைய மூலக்கூறுகளைத் தண்ணீரில் விட்டால் எவரும் ஏவாமலே இரண்டு அடுக்குகளாக அணிவகுத்து நிற்கும். தலைகள் இருபுறமும் நீரைப் பார்க்கும்; வால்கள் நடுவில் ஒன்றையொன்று நோக்கி ஒளிந்துகொள்ளும். நடுவிலுள்ள எண்ணெய்ப் படலத்தின் கனம் சுமார் மூன்று நானோமீட்டர். மின்னேற்றமுள்ள எந்தத் துகளும் அந்த எண்ணெயை எளிதில் கடக்க இயலாது. ஆகவே சவ்வு ஒரு கரை.

கரை மட்டும் இருந்தால் பாசனம் நடக்குமா? மதகு வேண்டும். புரதங்களே அந்த மதகுகள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அது எவ்வெவ்வாறு வளைய முடியும், எவ்வாறு வளைய முடியாது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் தம் மாணவர்களான சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் கணக்கிட்டு 1963-இல் வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தவர்கள் அது சரியானதா என்று பார்க்க இராமச்சந்திரன் வரைபடத்தை நாடுகிறார்கள். அவ்வரைபடம் அனுமதிக்கும் வடிவங்களுள் ஒன்று திருகுசுருள். அதில் ஒவ்வோர் அமினோ அமிலமும் சுருளை 0.15 நானோமீட்டர் உயர்த்துகிறது. இருபது அமினோ அமிலங்கள் சேர்ந்தால் மூன்று நானோமீட்டர்! எண்ணெய்ப் படலத்தின் கனமும் அதுவே. சவ்வை ஊடுருவி நிற்கும் புரதச் சுருள்களில் இருபது அமினோ அமிலங்களை ஒட்டிய நீளத்தைத் திரும்பத் திரும்பக் காண்பதன் காரணம் இதுதான். கொழுப்பின் கனத்துக்கு ஏற்பப் புரதம் அளவெடுத்துத் தைத்தாற்போல் அமைந்திருக்கிறது.

தஞ்சை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் வேறு உவமை தேட வேண்டியதில்லை. வாய்க்கால் கரையில் மதகு கட்டும்போது செங்கற்கட்டடத்தை எழுப்பியதோடு கொத்தனார் போய்விடுவதில்லை. கட்டடத்துக்கும் மண்கரைக்கும் இடையே களிமண்ணைத் திணித்து இறுகக் கெட்டிப்பார்கள். அந்த இணைப்பில் நண்டு வளை அளவு இடைவெளி இருந்தாலும் வெள்ளக் காலத்தில் தண்ணீர் அதன் வழியே அரித்துக்கொண்டு ஓடும்; மதகின் பலகையை இறக்கியும் பயனில்லை. சவ்விலும் அப்படியே. புரதத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு வளையமாக நிற்கும் லிப்பிடு மூலக்கூறுகள் அதன் மேடு பள்ளங்களுக்கேற்ப நெருங்கி நின்று கசிவை அடைக்கின்றன.

உவமை ஓர் இடத்தில் மட்டும் பொருந்தாது. மண்கரை அசையாது, சவ்வு திரவம். அதிலுள்ள லிப்பிடுகள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. புரதங்களும் குளத்தில் மிதக்கும் தெப்பங்களைப்போல் பக்கவாட்டில் நகர்கின்றன. சிங்கர், நிகல்சன் என்ற இருவர் 1972-இல் இக்கருத்தை வகுத்துரைத்தனர். அதன்பின் பல காலம் லிப்பிடுகளைப் புரதங்கள் மிதப்பதற்கான எண்ணெய் என்றே பலரும் கருதி வந்தார்கள். அது முழு உண்மையன்று. சில லிப்பிடுகள் மிதக்கவிடுவதில்லை, பற்றிக்கொள்கின்றன. அவற்றுள் தலையாயது கார்டியோலிபின்.

மேரி பாங்பார்ன் என்ற அமெரிக்க அம்மையார் 1942-இல் மாட்டின் இதயத் தசையிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். இதயத்தில் கிடைத்ததால் இதயத்தைக் குறிக்கும் பெயர் வாய்த்தது. இதயத்துக்கு மட்டும் உரியதன்று. நெல்லின் மைட்டோகாண்டிரியாவிலும் உண்டு. மற்றப் பாஸ்போலிப்பிடுகளுக்கு வால் இரண்டு, இதற்கு நான்கு. தலையில் எதிர் மின்னேற்றமுள்ள பாஸ்பேட்டுகள் இரண்டு. விலங்குகளின் உட்சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிடுகளுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதுவே. இதயத் தசையில் உள்ள கார்டியோலிபினின் நான்கு வால்களிலும் பெரும்பாலும் இருப்பது லினோலெயிக் அமிலம். நம் வீட்டு நல்லெண்ணெயில் மிகுதியாக இருக்கிறதே, அதே பொருள்தான். மார்கழிக் குளிரில் நெய் உறைகிறது; நல்லெண்ணெய் உறைவதில்லை. லினோலெயிக் அமிலத்தின் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் அதனை நெருக்கமாக அடுக்கவிடாமல் தளர்ச்சியாக வைத்திருப்பதே காரணம். ஆனால் அந்த நல்லெண்ணெயைத் திறந்து வைத்துவிட்டால் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கிறது அல்லவா? காற்றிலுள்ள பிராணவாயு அதே இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கிக் கெடுக்கிறது. இந்தச் சிக்கு வாடையை மறவாதீர்கள். நெற்பூவின் கதைக்கு அது வேண்டும்.

இப்போது உட்சவ்வின் தொழிலைப் பார்ப்போம். நாம் உண்ணும் சோற்றிலிருந்து வரும் எலெக்ட்ரான்கள் இச்சவ்விலுள்ள புரதங்களின் வரிசையொன்றில் கைமாறி, முடிவில் பிராணவாயுவைச் சேர்ந்து தண்ணீராகின்றன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு அப்புரதங்கள் ஹைட்ரஜன் அயனிகளை, அதாவது புரோட்டான்களை, சவ்வின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்கு இறைக்கின்றன. மேட்டூரில் 120 அடி தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் புரோட்டான்கள் ஒருபுறம் தேங்கி நிற்கும். அணையிலிருந்து இறங்கும் நீர் மின்சாரச் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல், திரும்பி ஓடும் புரோட்டான்கள் ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற புரதத்தைச் சுழற்றுகின்றன. இங்கே சுழற்சி என்பது அலங்காரச் சொல்லன்று. அப்புரதத்தின் ஒரு பகுதி மெய்யாகவே சக்கரமாகச் சுற்றுகிறது. பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர் 1961-இல் இக்கொள்கையை வெளியிட்டபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சக்கரம் உண்டாக்கும் ஏ.டி.பி. என்ற பொருளைத் தசையிலிருந்து கண்டறிந்து 1929-இல் அறிவித்தவர்களுள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவருடன் உழைத்தவர். நம் பாட நூல்களில் அவர் பெயருக்கு இன்னும் சற்று அதிக இடம் தரலாம்.

சவ்வின் இருபுறத்துக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு சுமார் 0.15 வோல்ட். டார்ச் விளக்கின் மின்கலத்தில் பத்தில் ஒரு பங்குதானே என்று எண்ண வேண்டாம். அது ஐந்து நானோமீட்டர் இடைவெளிக்குள் நிற்கிறது. ஒரு மீட்டருக்குக் கணக்கிட்டால் மூன்று கோடி வோல்ட்! இந்த அழுத்தத்தை உடையாமல் தாங்குவது அந்த இரண்டு அடுக்கு எண்ணெய்ப் படலம். உட்சவ்வின் எடையில் முக்கால் பங்குக்கு அருகில் புரதமே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரை முழுவதும் மதகுகளாக நெருங்கி நிற்க, இடையிலுள்ள சிறிதளவு களிமண்ணே அணையைக் காக்கிறது. அந்தக் களிமண் எத்தகையதாக இருந்தாலும் போதும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கார்டியோலிபினின் வேலை இங்கே தெளிவாகிறது. எலெக்ட்ரான் வரிசையின் கடைசியில் நிற்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற புரதத்திலிருந்து கார்டியோலிபினைக் கழுவி நீக்கினால் அதன் வேகம் வெகுவாகக் குறைகிறது. திரும்பச் சேர்த்தால் மீள்கிறது. ஏ.டி.பி.யை உள்ளிருந்து வெளியே அனுப்பும் மற்றொரு புரதத்தின் வடிவத்தை 2003-இல் படிக முறையில் கண்டபோது, அதன் பக்கங்களில் கார்டியோலிபின் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். அத்தனை இரசாயனக் கழுவல்களுக்குப் பிறகும் அவை விட்டுப் போகவில்லை. மனிதரிலும் சான்று உண்டு. 1983-இல் பார்த் என்ற டச்சு மருத்துவர், ஆண் குழந்தைகளின் இதயமும் தசையும் தளர்ந்துபோகும் பரம்பரை நோய் ஒன்றை விவரித்தார். கார்டியோலிபினுக்கு உரிய வால்களைப் பொருத்தும் நொதி ஒன்று பழுதானதே அந்நோயின் மூலம் என்பது பின்னர்ப் புலனாயிற்று. அக்குழந்தைகளின் எலெக்ட்ரான் வரிசைப் புரதங்களில் பழுதில்லை. அவற்றைப் பற்றியிருக்க வேண்டிய கொழுப்பே பழுது.

சைட்டோகுரோம் சி என்ற சிறு புரதம் ஒன்று உண்டு. இது சவ்வை ஊடுருவி நிற்பதன்று. அதன் வெளிமுகத்தில் ஒட்டி வாழ்வது. நேர் மின்னேற்றம் உடையது. கார்டியோலிபினின் தலை எதிர் மின்னேற்றம் உடையது. ஆகவே கரையில் முளையடித்துக் கட்டிய பரிசல்போல் அது சவ்வருகிலேயே நின்று, எலெக்ட்ரான்களை இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஏற்றி இறக்குகிறது. கட்டியிருக்கும்வரை அது உயிரணுவின் ஊழியன். கட்டு அறுந்து மைட்டோகாண்டிரியாவை விட்டு வெளியேறினால் அதுவே எமதூதன். வெளிப்பட்ட சைட்டோகுரோம் சி விலங்கின் உயிரணுவைத் திட்டமிட்ட மரணத்துக்குச் செலுத்துகிறது என்பது 1996-இல் வெளியாயிற்று. கட்டு அறுவது எங்ஙனம்? மைட்டோகாண்டிரியாவில் பெராக்சைடு போன்ற வெறிகொண்ட ஆக்ஸிஜன் சேர்மங்கள் மிகுந்தால், அவை கார்டியோலிபினின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்குகின்றன. நல்லெண்ணெய்க்குச் சிக்கு வாடை வந்த அதே விபத்து. கெட்டுப்போன கார்டியோலிபின் தன் பிடியை விடுகிறது. விலங்கு உயிரணுக்களில் படிப்படியாக மெய்ப்பிக்கப்பட்ட வழி இது.

இனி நம் வயலுக்குத் திரும்பலாம். 1970-ஆம் ஆண்டு நவம்பரில் யுவான் லாங்பிங் என்ற சீன விஞ்ஞானியின் குழுவினர் ஹைனான் தீவில் காட்டு நெற்செடி ஒன்றைக் கண்டார்கள். அதன் மகரந்தம் செத்திருந்தது. அச்செடியைத் தாயாகக் கொண்டு தொடர்ந்து ஒட்டுச் சேர்த்ததில் அந்தக் குறை தாய்வழியாக மட்டும் தலைமுறைதோறும் இறங்கியது. மைட்டோகாண்டிரியாவுக்குத் தனக்கென்று சிறிது மரபுப் பொருள் உண்டு. அது வித்துக்குத் தாயிடமிருந்தே வருகிறது. ஆகவே குறை இருக்குமிடம் மைட்டோகாண்டிரியா என்று ஊகிக்க முடிந்தது. ஆயினும் எந்த மரபணு, எவ்வாறு கொல்கிறது என்று காண நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. குவாங்சோவில் லியூ யாவ்குவாங் குழுவினர் 2013-இல் அதனை வெளியிட்டார்கள். பழைய மரபுத் துண்டுகள் சில தாறுமாறாக ஒட்டிக்கொண்டு புதிதாகத் தோன்றிய ஒரு மரபணு. அது ஆக்கும் புரதத்துக்கு அமினோ அமிலங்கள் 352. அப்புரதம் சவ்வில் புகுந்து, அங்கே குடியிருக்கும் காக்ஸ்-11 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. சைட்டோகுரோம் ஆக்சிடேஸைக் கட்டியெழுப்ப உதவுவதும், பெராக்சைடைத் தணிப்பதில் பங்குகொள்வதும் காக்ஸ்-11-இன் வேலை. அதன் கை கட்டுண்டதும் பெராக்சைடு பொங்குகிறது, சைட்டோகுரோம் சி வெளியேறுகிறது, உயிரணு மடிகிறது.

செடி முழுவதும் ஏன் மடியவில்லை என்று நீங்கள் கேட்க வேண்டும். மகரந்தப் பையின் உட்புறத்தில் டபீட்டம் எனப்படும் ஒரு திசுப் படலம் இருக்கிறது. வளரும் மகரந்தத்துக்குப் பாலூட்டும் செவிலித்தாய் அது. அந்தக் கொலைகாரப் புரதம் சரியான தருணத்தில் அங்கேதான் குவிகிறது. டபீட்டம் தன் காலத்தில் மடிய வேண்டியதே. மகரந்தம் வளரும் போக்கில் உரிய கட்டத்தில் அது கரைந்து போவது இயற்கை. இந்தச் செடியில் அது காலத்துக்கு முன்பே மடிகிறது. பாலூட்டுவார் இன்றி மகரந்தம் சூம்பிப் போகிறது. சூரியகாந்தியின் ஆண்மலட்டு இனம் ஒன்றிலும் இத்தகைய சைட்டோகுரோம் சி வெளியேற்றத்தை 2001-இல் கண்டிருக்கிறார்கள்.

தந்தைப் பயிர் கொண்டுவருவது மகரந்தம் மட்டுமன்று. மீட்பு மரபணுக்கள் என்ற காவலர்களும் அதன் வழியே கருவில் சேருகின்றன. அக்கொலைகார மரபணுவின் செய்தி புரதமாக மாறுமுன் அதனை அடக்கிவிடுவது இவற்றின் வேலை. ஆகவே கயிறு இழுத்து எடுத்த விதையிலிருந்து எழும் பயிர் நன்றாகவே மணி பிடிக்கும். தாயின் பழுதான மைட்டோகாண்டிரியா அதில் இருக்கிறது. ஆனால் வாய் அடைக்கப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரிலிருந்து 1994-இல் முதல் கலப்பின நெல் வந்தது. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1998-இல் தன் கலப்பின நெல்லை வெளியிட்டது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தாயினம் ஒன்றும், ஐ.ஆர். 66 என்ற தந்தையினமும் சேர்ந்து பிறந்தது அது. அத்தாயினத்தின் மைட்டோகாண்டிரியா ஹைனான் காட்டு நெல்லின் வழிவந்ததே.

ஆனால் சீனத்தில் பரவியதுபோல் கலப்பின நெல் காவிரிப் படுகையில் பரவவில்லை. இதற்கு ஒரு காரணம் சவ்விலேயே இருக்கிறது. ஏ.டி.டி. 43 போன்ற இரகத்தைக் குறுவைக்கு நட்ட உழவர் அறுவடையில் நல்ல நெல்லாகப் பார்த்து எடுத்து வைத்து மறுபருவம் நாற்று விடலாம். கலப்பின நெல்லை அவ்வாறு எடுத்து வைத்தால், அடுத்த தலைமுறையில் காவலர் மரபணுக்கள் செடிக்குச் செடி ஏறியும் குறைந்தும் பிரிந்துவிடும். சில செடிகள் பதராகும். உயரமும் பருவமும் ஒன்றுபோல் இரா. ஆகவே பருவந்தோறும் விதையை விலைக்கு வாங்கியே தீர வேண்டும். கூடுதல் விளைச்சல் அந்த விலைக்கு ஈடாகுமா என்பது உழவர் போடும் கணக்கு. விதைக் கோட்டையை வீட்டு மூலையில் வைத்துப் பழகிய நாட்டில் அக்கணக்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

கல்லூரி மாணவர்கள் இந்த மரணத்தைத் தம் கண்ணாலேயே காணலாம். மறுநாள் விரியவிருக்கும் நெற்பூக்களைத் தாய் வரிசையிலிருந்து ஒன்றும் தந்தை வரிசையிலிருந்து ஒன்றுமாகக் காலையில் கொய்து வாருங்கள். மகரந்தப் பையைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி, பொட்டாசியம் அயோடைடில் கரைத்த அயோடின் கரைசலில் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். தந்தைப் பயிரின் மகரந்தம் மாவுப் பொருள் நிறைந்து, உருண்டையாய்க் கருநீலமாய்த் தெரியும். தாயினுடையது நிறம் ஏறாமல், ஒடுங்கிக் கோணிய தோலாய்க் கிடக்கும். விதை வயல்களிலும் இதே சோதனையைச் செய்கிறார்கள். தாய் வரிசையில் கருநீல மகரந்தம் காட்டும் செடி எது நின்றாலும் அது கலவன். பூ விரியுமுன் வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டுவிடுவார்கள்.